டயாலிசிஸ் முடிந்து நடந்து போக முடிகிறதா? எங்கள் ஊர் அரசு மருத்துவமனைப் பிரிவு பற்றி

சிறுநீரகம் வேலை செய்யவில்லை, டயாலிசிஸ் ஆரம்பிக்கச் சொல்லிவிட்டார்கள், எந்த இடம் நல்லது என்று என் தையல் கடைக்கே வந்து கேட்கிறார்கள். ஏசி, டிவி, பளபளக்கிற தரை இதையெல்லாம் வைத்து முடிவு பண்ணாதீர்கள் என்பேன். ஒரு ஷிப்ட் முடிகிற நேரத்தில் வாசலில் நின்று, வெளியே வருகிறவர்களைப் பாருங்கள். ரொம்ப வயதானவர்களை விடுங்கள். நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள் தாங்களாக நடந்து வருகிறார்களா, இல்லை இரண்டு பேர் தாங்கிப் பிடித்து ஆட்டோவில் ஏற்றுகிறார்களா? எனக்குத் தெரிந்து இதைவிடச் சரியான பரிசோதனை இல்லை.

நான் முதலில் போய்க்கொண்டிருந்தது ஒரு தனியார் இடம். இப்போது போவது எங்கள் ஊர் அரசு மருத்துவமனை. இரண்டுக்கும் பெயர் போடவில்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும்; வெளியூர்க்காரர்கள் தங்கள் ஊரில் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொண்டால் போதும்.

தனியார் இடத்தில் நான்கு மணி நேரம் முடிந்து எழுந்தால் தலை சுற்றும். பாதியிலேயே கெண்டைக்கால் சுருட்டிப் பிடித்துக்கொள்ளும், கத்துவேன், ஒரு சிஸ்டர் ஓடி வந்து பாதத்தை மடக்கிப் பிடிப்பார். வீட்டுக்குப் போய்ப் படுத்தால் மறுநாள் மதியம் வரை எழுந்திருக்க முடியாது. டயாலிசிஸ் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பினேன். இங்கே வந்த பிறகுதான் அது நோயின் வேலை மட்டும் இல்லை, தண்ணீரை எடுத்த வேகமும் சேர்ந்து செய்த வேலை என்று புரிந்தது. இப்போது காலை ஷிப்டில் ஏறி, மதியம் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுத் தூங்கி, சாயங்காலம் கடையைத் திறந்துவிடுகிறேன்.

வித்தியாசம் மெஷினில் இல்லை. எடை பார்க்கும் மேடையில் இருக்கிறது. சிறுநீர் போகாதவர்களுக்கு ஒரு டயாலிசிஸுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஏறுகிற எடை பெரும்பாலும் தண்ணீர்தான். அதை நான்கு மணி நேரத்தில் எடுக்க வேண்டும். உடம்பில் மிச்சத் தண்ணீர் இல்லாதபோது இருக்கிற எடையை டிரை வெயிட் என்பார்கள். எனக்கு அது 52 கிலோ. ஒரு கிலோ எடைக்கு ஒரு மணி நேரத்தில் 13 மில்லிக்கு மேல் எடுக்காமல் பார்த்துக்கொள்வது நல்லது என்பது கணக்கு. என் உடம்புக்கு நான்கு மணி நேரத்தில் சுமார் 2.7 லிட்டர். அதற்கு மேல் இழுத்தால் பிரஷர் இறங்கும், கால் பிடிக்கும், இதயமும் அடி வாங்கும்.

நான் திங்கள், புதன், வெள்ளி. சனி, ஞாயிறு இடைவெளி நீளம் என்பதால் திங்கட்கிழமை எப்போதும் எடை கூடித்தான் நிற்கும். ஒரு திங்கட்கிழமை டெக்னீசியன் தம்பி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அக்கா, மூணு நானூறு ஏறியிருக்கு. மொத்தத்தையும் எடுத்தா உங்களுக்குக் கால் இழுக்கும். ரெண்டு எழுநூறு எடுத்துட்டு மிச்சத்தை புதன்கிழமை பாப்பமா? இல்ல, அரை மணி நேரம் கூட இருக்கீங்களா?" அரை மணி கூட இருக்கிறேன் என்றேன். நெப்ராலஜி (சிறுநீரக) டாக்டரிடம் கேட்டு வந்து மெஷினில் நேரத்தை மாற்றினார். அந்த ஒரு கேள்வியை முந்தைய இடத்தில் யாரும் என்னிடம் கேட்டதே இல்லை. நோட்டில் எடையை எழுதுவார்கள், பட்டனை அழுத்துவார்கள், அவ்வளவுதான்.

அடுத்தது ஊசி. ரத்தக்குழாய் இரண்டை இணைத்து என் இடது கையில் ஃபிஸ்டுலா போட்டிருக்கிறது. விரல் வைத்தால் விர்ரென்று துடிக்கும். தினமும் காலையில் எழுந்ததும் முதலில் அதைத் தொட்டுப் பார்ப்பேன். துடிப்பு இல்லையென்றால் அப்போதே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அந்தக் கையில் பிரஷர் பார்க்கக் கூடாது, ரத்தம் எடுக்கக் கூடாது, வளையல் போடக் கூடாது, துணி மூட்டை தூக்கக் கூடாது. இங்கே மூத்த டெக்னீசியன் ஒருவர் இருக்கிறார். குத்துவதற்கு முன் கண்ணை எடுக்காமல் விரலால் மேலும் கீழும் தடவிப் பார்ப்பார். போன தடவை குத்திய தழும்பை விட்டுக் கொஞ்சம் தள்ளி, அடுத்த தடவை இன்னும் தள்ளி, ஏணிப்படி மாதிரி மேலே ஏறிக்கொண்டே போவார். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தினால் குழாய் சுவர் பலவீனமாகி உருண்டையாகப் புடைத்துவிடும். பக்கத்துப் படுக்கை அண்ணனுக்கு முந்தைய இடத்தில் அப்படி ஆகி, முழங்கைக்குக் கீழே எலுமிச்சம்பழ அளவில் நிற்கிறது. எனக்குக் கை சமமாக இருக்கிறது.

இது என் தொழில் சம்பந்தப்பட்டது, சொல்லிவிடுகிறேன். இங்கே வரும் பெண்கள் இறுக்கமான ரவிக்கைக் கையைச் சுருட்டி மேலே ஏற்றி வைத்துக்கொண்டு படுத்திருப்பார்கள். அது ஃபிஸ்டுலாவுக்கு நல்லதே இல்லை. கை ஓரத்தைப் பிரித்து, பிரஸ் பட்டன் வைத்துத் தைத்துக் கொடுத்தேன். திறந்தால் தோள் வரை விரியும், மூடினால் சாதாரண ரவிக்கை. கழுத்தில் குழாய் போட்டவர்களுக்குத் தோள் பக்கம் திறக்கிற மாதிரி. இப்போது எங்கள் ஷிப்டில் பாதிப் பேர் அதைத்தான் போடுகிறார்கள்.

சுத்தம் பற்றி. ஒரு டயாலிசிஸுக்கு, நிமிடத்துக்கு 500 மில்லி கணக்கில், 120 லிட்டர் தண்ணீர், ரத்தத்தைச் சுத்தம் செய்கிற ஃபில்டருக்குள் நம் ரத்தத்துக்குப் பக்கத்தில் ஓடுகிறது. நடுவில் மெல்லிய சவ்வு மட்டும்தான். அதனால் அந்தத் தண்ணீரைச் சுத்திகரிக்கிற ஆர்.ஓ. அறையை எட்டிப் பார்க்கக் கேளுங்கள். இங்கே கேட்டேன், காட்டினார்கள், தண்ணீர்ப் பரிசோதனை ரிப்போர்ட்டும் சுவரில் இருந்தது. ரத்தம் வழியாகப் பரவும் ஹெபடைட்டிஸ் பி உள்ளவர்களுக்குத் தனி அறை, தனி மெஷின். சேர்வதற்கு முன்பே அந்த ரத்தப் பரிசோதனையைக் கேட்பார்கள்; கேட்காத இடத்துக்குப் போகாதீர்கள். ஃபில்டரைக் கழுவி நமக்கே மறுபடி மாட்டுகிற இடங்களில் அதன் மேல் பெயர் இருக்கும். இங்கே மாட்டுவதற்கு முன் அந்தப் பெயரை நம்மையே வாசிக்கச் சொல்கிறார்கள்.

பணம்: முன்பு ஒரு முறைக்கு 1,800 ரூபாய், ஊசி மருந்து தனி. வாரம் மூன்று முறை செய்யச் சொன்னார்கள், இரண்டுதான் முடிந்தது. இங்கே எதுவும் கட்டவில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையை எடுத்துப் போங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று வாங்கி விண்ணப்பிக்கலாம்.

சாப்பாட்டு விஷயத்தில் இங்கிருக்கும் பெரிய சிஸ்டருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் வழக்கப்படி இளநீரும் ஆரஞ்சும் வாங்கி வருகிறார்கள். அதில் இருக்கிற பொட்டாசியம் ரத்தத்தில் ஏறினால் இதயமே நின்றுவிடும் என்று வாசலிலேயே மறித்துச் சொல்லி, வந்தவர் மனம் நோகாமல் திருப்பி அனுப்புவார். காயை நறுக்கி நிறையத் தண்ணீரில் வேக வைத்து வடித்துவிடுங்கள், ஊறுகாயும் கருவாடும் அப்பளமும் தாகத்தைக் கிளப்பும், பாஸ்பரஸைக் குறைக்கிற மாத்திரையைச் சாப்பாட்டோடு சேர்த்துத்தான் போட வேண்டும். இத்தனையும் அவர் சொல்லித்தான் எனக்கு மனதில் நின்றது. சித்திரை வெயிலில் ஒரு நாளைக்கு மொத்தமே ஐந்தாறு டம்ளர் என்பது கொடுமை. அதற்கு யாரிடமும் மருந்து இல்லை. ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொள்வேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கூடப் படுத்திருப்பவர் ஒரு நாள் வராமல் போவார். முந்தைய இடத்தில் கேட்டால் "ஊருக்குப் போயிருக்கார்" என்பார்கள். இங்கே மறைப்பதில்லை. எங்கள் ஷிப்டில் ஒரு பெரியவர் இறந்தபோது, மெஷினில் ஏற்றுவதற்கு முன் டெக்னீசியன் ஒவ்வொரு படுக்கையாக வந்து சொன்னார். அழுதோம். எனக்கு அது மரியாதையாகப் பட்டது. சின்னப் பிள்ளைகள் இல்லையே நாங்கள்.

குறைகளும் உண்டு. ரத்தம் ஏறப் போடுகிற எரித்ரோபாய்டின் ஊசி சில சமயம் இருப்பு இருக்காது, வெளியில் வாங்க வேண்டும். கூட வருகிறவர்களுக்கு உட்கார இடம் போதாது. நான்கு மணி நேரமும் படிக்கட்டில் இருக்கிறார்கள். கோடையில் ஆர்.ஓ. பழுதானபோது எல்லோருக்கும் மூன்று மணி நேரமாகக் குறைத்தார்கள், ஆனால் முன்கூட்டியே போன் செய்து சொன்னார்கள். எல்லாவற்றையும் விடப் பெரிய குறை மூன்றாவது ஷிப்ட். முடிய இரவு ஆகிவிடுகிறது, கிராமத்துக்குக் கடைசி பஸ் போய்விடும். தூரத்து ஊர்க்காரர்களுக்குக் காலை ஷிப்டை ஒதுக்கச் சொல்லி எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை.

வாரம் மூன்று நாள் வர வழியே இல்லாதவர்கள் டாக்டரிடம் வயிற்று வழி டயாலிசிஸ் பற்றிக் கேளுங்கள். பையில் இருக்கும் திரவத்தை வீட்டிலேயே மாற்றிக்கொள்வது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் அந்தப் பைகளை வீட்டுக்கே கொண்டு வந்து தருகிறார்கள். எல்லோருக்கும் ஒத்து வராது, சுத்தமான இடம் வேண்டும், டாக்டர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

சேர வருகிறவர்கள் காப்பீட்டு அட்டை, ஆதார், வைரஸ் பரிசோதனை ரிப்போர்ட், பழைய டயாலிசிஸ் நோட்டு எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள். ஒரு போர்வையும் வேண்டும். மெஷின் ஓட ஆரம்பித்ததும் குளிரும்.