கடற்கரை மணலில் ரிவியனா, லைட்னிங்கா?

எலக்ட்ரிக் டிரக்கைக் கடற்கரை மணலில் இறக்கலாமா என்று பேச்சு வந்தாலே, சண்டை மோட்டார் எண்ணிக்கையில்தான் ஆரம்பிக்கும். சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு மோட்டார் வைத்த, அமெரிக்கக் கம்பெனி ரிவியனின் ஆர்1டி டிரக் உசத்தியா, முன்னே ஒன்று பின்னே ஒன்று என இரண்டோடு வந்த ஃபோர்டு எஃப்-150 லைட்னிங் போதுமா? என் கட்சி வேறு. முதலில் டயரில் இருக்கும் காற்று, அடுத்து டயரின் பக்கச்சுவர் (ரிம்முக்கும் தரைக்கும் நடுவே இருக்கும் ரப்பரின் உயரம்), மோட்டார் மூன்றாவதுதான்.

களம் அமெரிக்காவில் வட கரோலினாவின் கடலோர மணல் தீவுகளான அவுட்டர் பேங்க்ஸ் என்று வைத்துக்கொள்வோம். கொரோலாவுக்கு வடக்கே 12-ஆம் எண் நெடுஞ்சாலையின் தார் முடிந்துவிடும். அதற்கு அப்பால் கரோவாவில் வீடு இருப்பவர்களுக்குக் கடற்கரைதான் சாலை. தெற்கே கேப் ஹேட்டரஸ் தேசியக் கடற்கரையில் அனுமதிச் சீட்டு வாங்கித்தான் மணலில் இறங்க முடியும். ஜாக்கி, ஜாக்கிக்கு அடியில் வைக்கப் பலகை, மண்வெட்டி, குறைந்த காற்றழுத்தத்தையும் காட்டும் கேஜ் இவ்வளவும் வண்டியில் இருந்தாக வேண்டும். பொது வேக வரம்பு மணிக்கு 15 மைல். எத்தனை மோட்டார் என்று யாரும் கேட்பதில்லை. கேஜ் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். மணலை அறிந்தவர்கள் போட்ட விதி அது.

நான்கு மோட்டார் ஆர்1டி-யின் எடை ஏறக்குறைய 3,240 கிலோ. ஒரு டயர் சுமப்பது 810 கிலோ. ரிவியன் சாலைக்குச் சொல்லும் 48 பிஎஸ்ஐ காற்றோடு நின்றால், சுமையைக் காற்றழுத்தத்தால் வகுக்கும் எளிய கணக்கில் அந்த டயர் தரையைத் தொடும் பரப்பு சுமார் 240 சதுர சென்டிமீட்டர். 20 பிஎஸ்ஐ-க்கு இறக்கினால் 575-ஐத் தாண்டும். டயரின் விறைப்பைச் சேர்த்தால் நிஜத்தில் எண்கள் கொஞ்சம் மாறும், ஆனால் போக்கு இதுதான். காசு செலவில்லாமல், சக்கரத்துக்கு ஒரு நிமிடம் இரண்டு நிமிடம் குந்தி உட்கார்ந்து வால்வை அழுத்தினால் பிடிமானப் பரப்பு இரண்டு மடங்குக்கு மேல். எந்த மோட்டாரும் இதைத் தராது. காற்றைக் குறைத்த டயர் சுமை தாங்கும் திறனும் குறைந்துதான் இருக்கும் என்பதால் மெதுவாகப் போக வேண்டும், ஸ்டியரிங்கைச் சடாரென்று ஒடிக்கக் கூடாது. இல்லாவிட்டால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும்.

இப்படிக் காற்றை இறக்கினால் டயர் பிதுங்குவதற்கு இடம் வேண்டும். பக்கச்சுவர் முக்கியமாவது இங்கேதான். ரிவியனின் 20 அங்குல ஆல்-டெரெய்ன் டயர் 275/65 அளவு, அதாவது அகலம் 275 மி.மீ., பக்கச்சுவர் அதில் 65 சதவீதம், சுமார் 179 மி.மீ. பார்க்க அழகான 22 அங்குலச் சக்கரத்தில் 275/50, வெறும் 138 மி.மீ. லைட்னிங்கிலும் இதே கதை. விலை குறைந்த ப்ரோ, எக்ஸ்எல்டி மாடல்களுக்கு 18 அங்குலச் சக்கரமும் அதே 179 மி.மீ. பக்கச்சுவரும், உச்ச மாடலான பிளாட்டினத்துக்கு 22 அங்குலச் சக்கரமும் 138 மி.மீ.-யும். ஆக, விலை ஏற ஏற மணலில் வண்டி மோசமாகிறது! டயர் பட்டன்கள் பெரிதாக இருந்தால் நல்லது என்று சேற்று டயர் மாட்டிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. உலர்ந்த மணலில் அது தோண்டத்தான் செய்யும்.

சரி, மோட்டாருக்கு வருவோம். ஆர்1டி-யில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியாக முறுக்குவிசையைக் கூட்டிக் குறைக்கலாம். ஒரு சக்கரம் சுழல ஆரம்பித்ததும் அதை மட்டும் அடக்கிவிடும். மென்மணலுக்கென்று தனி ஓட்டமுறையும் மென்பொருளில் இருக்கிறது. லைட்னிங்கின் பின் அச்சில், இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரிக்கும் டிஃபரன்ஷியலைப் பூட்டும் வசதி உண்டு, பூட்டினால் பின்சக்கரங்கள் இரண்டும் சேர்ந்தே சுற்றும். முன் அச்சில், சும்மா சுழலும் சக்கரத்துக்கு வண்டியே பிரேக் பிடித்துத்தான் சமாளிக்க வேண்டும். நேரான, சீரான மணலில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. மற்றவர்கள் உழுதுவிட்டுப் போன ஆழமான தடத்தில் குறுக்கே ஏறும்போது, ஒரு பக்கச் சக்கரம் பிடியிழக்கும்போது, ரிவியன் முந்தும். அதை மறுக்கவில்லை.

இரண்டுக்கும் பொதுவான வினை ஒன்று இருக்கிறது. எலக்ட்ரிக் மோட்டார் நின்ற நிலையிலிருந்தே முழு விசையைத் தரும். கால் கொஞ்சம் அழுத்தமாக விழுந்தால் சக்கரம் நகர்வதற்கு முன் குழி பறிக்கும். காலை எடுத்தாலோ ரீஜென் (மோட்டாரே வேகத்தைக் குறைத்து அந்த விசையில் பேட்டரியைச் சார்ஜ் செய்வது) பிரேக் பிடித்து, முன் டயருக்கு முன்னால் மணல் மேடு குவியும்; மறுபடி கிளம்பும்போது அந்த மேட்டை ஏற வேண்டும். ரீஜென்னைக் குறைக்க வழி இருந்தால் குறைத்துக்கொண்டு, நிறுத்துவதானால் பிரேக் தொடாமல் உருண்டே நிற்க விடுவது நல்லது. இந்த இடத்தில் ஓட்டுநரின் கால்தான் பேசும், கம்பெனி பெயர் இல்லை.

புதைந்துவிட்டால்? பேட்டரிக்காக வண்டியின் அடி தட்டையாக இருப்பதால், சக்கரம் இறங்கியதும் அடிப்பாகம் தரைதட்டிய படகு மாதிரி மணலில் உட்கார்ந்துவிடும். எடை முழுவதும் வயிற்றுக்குப் போய்விடும், சக்கரங்கள் சும்மா சுற்றும். ரிவியனின் ஏர் சஸ்பென்ஷன் உடலைத் தூக்கித் தரை இடைவெளியைச் சுமார் 38 செ.மீ. வரை கொண்டுபோகும், லைட்னிங்கின் தரை இடைவெளி 21 செ.மீ.தான், அதுவும் மாறாது. எனவே லைட்னிங்காரர் சக்கரம் சுழன்ற முதல் நொடியிலேயே நிறுத்தி, மண்வெட்டியை எடுத்து, வந்த தடத்திலேயே பின்னோக்கி வர வேண்டும். எனக்கு ரிவியன் பக்கம் சாய்வு வருவது இந்த ஒரு விஷயத்துக்காகத்தான், நான்கு மோட்டாருக்காக இல்லை.

கடல் ஏறும் நேரம் பார்க்காமல் அலையோரம் சிக்கிக்கொண்டால் எந்த டிரக்கும் ஒன்றுதான், பேட்டரி வண்டிக்கு ஆபத்து இன்னும் கூடுதல். 2022-இல் இயன் சூறாவளிக்குப் பிறகு ஃப்ளோரிடாவில் உப்புநீரில் மூழ்கிய எலக்ட்ரிக் கார்கள் சில பிறகு தீப்பிடித்தன. கடல் இறங்கும் நேரத்தில், ஈரம் காயாத கெட்டி மணலில் போங்கள். தண்ணீருக்குள் ஓட்டிப் படம் எடுக்கும் ஆசை வேண்டாம். மணல் சார்ஜையும் வேகமாகக் குடிக்கும், பாதிக்குக் கீழே இருந்தால் இறங்க வேண்டாம்.

திரும்பித் தார்ச்சாலை ஏறியதும் காற்றை நிரப்பாமல் வேகம் எடுக்க முடியாது. ஆர்1டி வாங்குகிறவர்கள் வண்டியிலேயே கம்ப்ரஸர் இருக்கிற மாடலாகப் பார்த்து வாங்கலாம். லைட்னிங்கில் கம்ப்ரஸர் இல்லை, ஆனால் பிளக் பாயிண்டுகள் இருக்கின்றன. வீட்டுக் கரண்டில் ஓடும் ஒரு கம்ப்ரஸரைப் பின்னால் போட்டுக்கொண்டால் வேலை முடிந்தது. ப்ரோ மாடல், 18 அங்குலச் சக்கரம், கம்ப்ரஸர், மண்வெட்டி: பட்ஜெட் இறுக்கமாக இருந்தால் நான் இதைத்தான் எடுப்பேன், 22 அங்குலச் சக்கரம் மாட்டிய ரிவியனை அல்ல.