கால்கிரிம் தற்காப்பு அறிவுறுத்தல்கள்: உரை நன்று, அடைப்புக்குறிகளில் கவனம்

கலிபோர்னியாவில் ஒரு கொலை வழக்கில் தற்காப்பு வாதம் எழுந்தால், 12 ஜூரர்களுக்கு நீதிபதி வாசித்துக் காட்டும் சட்ட விளக்கம் (அறிவுறுத்தல்) பெரும்பாலும் கால்கிரிம் தொகுப்பிலிருந்துதான் வரும். மாநில நீதித்துறைக் கவுன்சில் உருவாக்கிய இந்தத் தொகுப்பு 2006 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பல பத்தாண்டுகள் கோலோச்சியது கால்ஜிக் என்ற பழைய அறிவுறுத்தல் தொகுப்பு. நீதிமன்ற இணையதளத்தில் முழுத் தொகுப்பும் இலவசம். இதைத்தான் பயன்படுத்த வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. ஆனால் நீதிமன்ற விதி 2.1050 இதற்கே முன்னுரிமை கொடுக்கச் சொல்வதால், வேறு வாசகத்தைக் கொண்டுவருபவர்தான் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

மைய அறிவுறுத்தல் 505. அதன் மூன்று கூறுகளும் சட்டம் படிக்காதவருக்கும் புரியும். உயிர் போகவோ கொடுங்காயம் படவோ உடனடி ஆபத்து இருப்பதாகக் குற்றம் சாட்டப்பட்டவர் நியாயமாக நம்பியிருக்க வேண்டும். அதைத் தடுக்க உயிர் போகும் அளவுக்கான பலத்தை அந்தக் கணமே பயன்படுத்துவது அவசியம் என்றும் நியாயமாக நம்பியிருக்க வேண்டும். தேவைக்கு மேல் பலம் பயன்படுத்தியிருக்கக் கூடாது. ஆபத்து உண்மையில் இருந்ததா என்பது கேள்வி இல்லை. நம்பிக்கை நியாயமானதாக இருந்தால் போதும். நாளைக்கு வரப்போகும் ஆபத்து எவ்வளவு நிச்சயமாகத் தெரிந்தாலும் செல்லாது. பின்வாங்கியே ஆக வேண்டும் என்ற கடமையும் இல்லை. இவற்றைச் சுற்றிவளைக்காமல் சொல்வதில் 505-க்கு முழு மதிப்பெண் தரலாம்.

குறை, வரிசையில் இருக்கிறது. கொலை நியாயமானதல்ல என்று நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பு. அந்த வரி கடைசியில்தான் வருகிறது. அதற்குமுன் "குற்றம் சாட்டப்பட்டவர் இப்படி நம்பியிருக்க வேண்டும், அப்படி நடந்திருக்க வேண்டும்" என்று வரிசையாகக் கேட்கும் ஜூரர், நிரூபிக்கும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவர் தலையில்தான் என்று எண்ணிவிட இடமிருக்கிறது. இறுதி வாதத்தில் அந்தக் கடைசி வரியை முதலில் எடுத்துக்காட்டிப் பேசுவது அவருக்காக வாதாடும் வக்கீலின் வேலை.

இன்னொரு நெருடல், அந்த அச்சம் ஒன்றே செயலுக்குக் காரணமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை. தண்டனைச் சட்டப் பிரிவு 198-லிருந்து வருகிறது. கோபமும் கூடவே இருந்தால் தற்காப்பு போய்விடுமா? போகாது. தூண்டுகோல் அச்சமாக இருந்தால் போதும், மற்ற உணர்ச்சிகள் உடன் இருக்கலாம் என்று மேல்முறையீட்டுத் தீர்ப்புகள் சொல்லியிருக்கின்றன. ஆனால் 505-ன் உரையில் அந்த விளக்கம் இல்லை. வேண்டுமென்றால் வக்கீல் தனி அறிவுறுத்தல் எழுதிக் கேட்க வேண்டும்.

உண்மையான சிக்கல் அடைப்புக்குறிகளில். இறந்தவர் முன்பு மிரட்டியிருந்தாலோ தாக்கியிருந்தாலோ ஜூரி அதைக் கணக்கில் எடுக்கலாம், அப்படிப் பாதிக்கப்பட்டவர் சீக்கிரமாகவும் கடுமையாகவும் செயல்படுவது நியாயம் என்ற வரிகள் 505-ல் இருக்கின்றன. எல்லாமே அடைப்புக்குறிக்குள், அதாவது வழக்குக்கு ஏற்பச் சேர்க்கவோ விடவோ கூடியவை. வழக்கின் ஒரு பகுதியை மட்டும் சுட்டும் இத்தகைய வரிகளை நீதிபதி தானாகச் சேர்க்கக் கடமைப்பட்டவர் அல்ல. பழைய மிரட்டல்களுக்கு நான்கு சாட்சிகளை விசாரித்துவிட்டு இந்த வரியைக் கேட்க மறந்தால், அந்தச் சாட்சியத்தை என்ன செய்வதென்று ஜூரிக்குச் சொல்ல ஆளில்லை. குடும்ப வன்முறை வழக்கு என்றால், அதன் விளைவுகள் பற்றிய சாட்சியத்துக்கான 851-ஐயும் சேர்த்துக் கேட்க வேண்டும். தொடர்ந்து அடிவாங்கியவரின் அனுபவம், அவருடைய நம்பிக்கையின் நியாயத்தை எடைபோடவும் உதவும் என்று ஹம்ஃப்ரி வழக்கில் 1996-லேயே மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

எண்ணைத் தவறாக எடுப்பதும் நடக்கிறது. 505 கொலைக்கும் கொலை முயற்சிக்கும். தாக்குதல், அடிதடி வழக்குகளுக்கு 3470. அதில் கொடுங்காய அபாயம் தேவையில்லை. காயமோ சட்டவிரோதமாகத் தொடப்படுவதோ உடனடியாக நேரும் என்ற நம்பிக்கை போதும். அடிதடி வழக்கில் 505-ன் வாசகத்தை ஒட்டினால், தற்காப்பின் தடையைக் காரணமில்லாமல் உயர்த்தியதாகிவிடும்.

தொகுப்பின் சிறந்த பகுதி 571 என்பேன். ஆபத்து இருப்பதாக மனதார நம்பினார், ஆனால் அந்த நம்பிக்கை நியாயமானதல்ல என்றால், குற்றம் கொலையிலிருந்து வாலண்டரி மேன்ஸ்லாட்டராக (கொலையை விடக் குறைந்த ஆட்கொலைக் குற்றமாக) இறங்கும். இரண்டாம் நிலைக் கொலைக்கு 15 ஆண்டு முதல் ஆயுள். மேன்ஸ்லாட்டருக்கு 3, 6 அல்லது 11 ஆண்டு. முழுத் தற்காப்புக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் நம்பிக்கை நியாயமானதா என்பது மட்டுமே என்று 571 நேராகவே சொல்லிவிடுகிறது. போதிய சாட்சியம் இருந்தால், யாரும் கேட்காவிட்டாலும் நீதிபதி இதைக் கொடுத்தாக வேண்டும். விடுதலை அல்லது கொலை என்று பந்தயம் கட்டும் வக்கீல் வேண்டாம் என்றாலும்கூட. கொலை முயற்சிக்கு இதன் இணை 604. 2023-ல் ஷுல்லர் வழக்கில், சாட்சியம் இருந்தும் நியாயமற்ற நம்பிக்கை பற்றிய இந்த அறிவுறுத்தலைக் கொடுக்காமல் விடுவது கூட்டாட்சி அரசியலமைப்புப் பிழை என்று மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிழை முடிவைப் பாதிக்கவில்லை என்று நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றிக் காட்ட முடியாவிட்டால் தண்டனை நிற்காது.

சண்டையை ஆரம்பித்தவருக்கானது 3471. அவர் உண்மையாகவே சண்டையை நிறுத்த முயன்று, நிறுத்திவிட்டதை எதிராளிக்குப் புரியும்படி சொல்லாலோ செயலாலோ காட்டினால் தற்காப்பு உரிமை திரும்பக் கிடைக்கும். கைச்சண்டையாகத் தொடங்கியதற்கு எதிராளி திடீரென உயிர் போகும் பலத்தால் பதிலடி கொடுத்து விலக வழியில்லாமல் செய்தால், இந்த நிபந்தனைகள் தேவையில்லை. இந்த விதிவிலக்கை விட்டுவிட்டு மீதியை மட்டும் வாசிப்பதுதான் அடிக்கடி நேரும் தவறு.

பிசிறான அறிவுறுத்தல் 3472. பலம் பயன்படுத்தச் சாக்குத் தேடி வம்பிழுத்தவருக்குத் தற்காப்பு இல்லை என்பது அதன் சாரம். கைச்சண்டைக்கு மட்டும் வம்பிழுத்தவர் மீது எதிராளி துப்பாக்கியைத் திருப்பினால் என்ன ஆகும்? அந்தக் கேள்விக்கு உரையில் பதில் இல்லை. ராமிரெஸ் வழக்கில் 2015-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்தக் காரணத்துக்காகவே, அந்த வழக்கின் சூழலில் அது சட்டத்தைத் தவறாகச் சொன்னதாகத் தீர்ப்பளித்தது. அரசுத் தரப்பு 3472 கேட்டால் முதலில் கேட்க வேண்டியது: வம்பிழுத்தவர் எந்த அளவுச் சண்டையை நினைத்திருந்தார்?

வீட்டுக்குள் அத்துமீறி, பலவந்தமாக நுழைந்தவர் மீதான பலப்பிரயோகத்துக்கு 3477, வீட்டில் இருந்தவர் உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ நியாயமாகவே அஞ்சினார் என்ற ஊகத்தைத் தருகிறது. அது குடியிருப்புக்கு உள்ளே நடந்ததற்கு மட்டும்; திறந்த முன் திண்ணைக்குப் பொருந்தாது.

ஒவ்வொரு அறிவுறுத்தலின் அடியிலும் அது திருத்தப்பட்ட மாதமும் ஆண்டும் இருக்கும். அலுவலகக் கணினியில் எப்போதோ சேமித்து வைத்த கோப்பை நிரப்பி நீட்டுவதற்குமுன் அந்த வரியை இணையதளப் பதிப்போடு ஒப்பிடுங்கள். உரைக்குக் கீழே உள்ள நீதிபதிகளுக்கான குறிப்புகளையும் படியுங்கள்: எந்த அடைப்புக்குறி எந்தத் தீர்ப்பால் வந்தது என்பது அங்கேதான் இருக்கிறது.