நியூயார்க்கா, பலேர்மோவா: ஒரு சுற்றுப்பயணக் கோப்பு

மாமூல் வசூல், கட்டப்பஞ்சாயத்து, கூலிப்படை இதையெல்லாம் வெளிநாடுகளில் எப்படி அடக்கினார்கள் என்று நேரில் பார்த்துவர எங்கள் காவல்துறை உயரதிகாரிக்கு ஒப்புதல் கிடைத்தது. எந்த ஊருக்கு அனுப்புவது என்று குறிப்பு எழுதும் வேலை என் மேசைக்கு வந்தது. கடைசிவரை நின்றவை நியூயார்க்கும் இத்தாலியின் பலேர்மோவும். நான் பலேர்மோ என்று எழுதினேன், அதுவே முடிவானது.

நியூயார்க்கின் வசதியைச் சொல்லவே வேண்டாம். ஆங்கிலம் போதும், குற்றக் கும்பல்களுக்கு எதிராக 1970-இல் வந்த ரிக்கோ சட்டத்தை வைத்து மாஃபியா தலைவர்களை ஒரே வழக்கில் உள்ளே தள்ளிய ஊர். ஆனால் சட்டத்தைப் படிக்க விமானம் ஏற வேண்டாம். திட்டமிட்ட குற்றங்களுக்கென்றே புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 111-ஆவது பிரிவு 2024 ஜூலை முதல் நம்மிடமும் இருக்கிறது. அங்கே பார்க்கத்தக்கது குப்பைத் தொழில்தான். கடைகள், அலுவலகங்களின் குப்பையை அள்ளும் நிறுவனங்கள் மாஃபியா பிடியில் இருந்தன. 1996-இல் நகர நிர்வாகம் தனி ஆணையம் வைத்து, பின்னணி சரியில்லாதவர்களுக்கு உரிமம் மறுத்தது. நல்ல பாடம்தான், ஆனால் அதற்கு ஒருநாள் போதும்.

பலேர்மோ பக்கம் நான் சாய்ந்த காரணம் ஒன்றே ஒன்று: பறிமுதல் செய்த சொத்தை என்ன செய்வது? நம் காவல் நிலையங்களின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். டயர் உருவப்பட்டு, இன்ஜினுக்குள் செடி முளைத்து நிற்கும் மணல் லாரிகள். பிடிப்பதோடு நம் வேலை முடிந்துவிடுகிறது. குற்றத்தில் வந்த சொத்தை முடக்கிப் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பிரித்துக்கொடுக்க புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 107-ஆவது பிரிவு வழி தருகிறது. நடுவில் அந்தச் சொத்தைப் பராமரிப்பது யார்?

இத்தாலி இந்தக் கேள்வியோடு 40 வருடத்துக்கு மேலாக மல்லுக்கட்டுகிறது. பறிமுதலுக்கான சட்டத்தை முன்மொழிந்த நாடாளுமன்ற உறுப்பினர் பியோ லா தோர்ரே 1982 ஏப்ரலில் மாஃபியாவால் கொல்லப்பட்டார். செப்டம்பர் 3-இல் பலேர்மோவின் அரசுப் பிரதிநிதி தல்லா கியேசாவும் கொல்லப்பட, பத்தே நாளில் சட்டம் வந்தது. மாஃபியா தொடர்பு சந்தேகிக்கப்படுபவர் வருமானத்துக்குப் பொருந்தாத சொத்துக்குக் கணக்குக் காட்ட முடியாவிட்டால், குற்றத் தீர்ப்புக்குக் காத்திராமலே அங்கே பறிமுதல் செய்யலாம். வழக்கு முடியும்வரை நீதிமன்றம் நியமிக்கும் நிர்வாகி சொத்தைக் கவனிப்பார். அப்புறம் 1996-இல் இன்னொரு சட்டம்: நிலமும் வீடும் பொதுப் பயன்பாட்டுக்கு. பலேர்மோவை அடுத்த சான் ஜுசெப்பே யாத்தோவில், மாஃபியாவிடமிருந்து பிடுங்கிய நிலத்தில் கூட்டுறவுச் சங்கம் கோதுமை போடுகிறது. அது பாஸ்தாவாகிக் கடைக்கு வருகிறது. ஏலத்தில் விட்டால் பினாமி பேரில் பழைய ஆளே எடுப்பான் என்ற பயம் நமக்கும் உண்டே!

அங்கேயும் எல்லாம் சரியாக நடக்கவில்லை. பறிமுதலான கம்பெனிகளில் பெரும்பாலானவை மூடிக்கொள்கின்றன. மிரட்டலால் வந்த வாடிக்கையாளர் போய்விடுவார், வங்கி கடனை நெருக்கும். நிர்வாகிகள் நியமனத்திலேயே முறைகேடு என்று 2015-இல் பலேர்மோ நீதிபதி மீதே விசாரணை கிளம்பியது. இவற்றையும் கேட்டுவர வேண்டும் என்று நிரலில் தனியாக எழுதிவைத்தேன்.

ஹாங்காங், ஜப்பான் பற்றி நான் படித்ததோடு சரி, அதனால் ஒப்பிடத் துணியவில்லை. பலேர்மோவைக்கூடக் கோப்பு வழியாகத்தான் தெரியும், போய்வந்தவர் அதிகாரி.

இதே கோப்பைப் போடுகிறவர்களுக்கு: ஆகஸ்டில் தேதி வைக்காதீர்கள், இத்தாலிய நீதிமன்றங்களில் அது விடுமுறை மாதம். சட்டச் சொற்கள் தெரிந்த மொழிபெயர்ப்பாளருக்குச் செலவுக் குறிப்பிலேயே தொகை ஒதுக்குங்கள். தங்குமிடம், சாப்பாட்டை அந்த ஊர்க்காரர்கள் ஏற்பதாக இருந்தால், வெளியுறவு அமைச்சக ஒப்புதலோடு, வெளிநாட்டு உபசரிப்பை ஏற்க உள்துறை அமைச்சகத்தின் அனுமதியும் வேண்டும். அதற்கான விண்ணப்பத்தை முதலிலேயே அனுப்பிவிடுங்கள்.