பளபளக்கும் காரா, ரசீது உள்ள காரா?

மலேசியாவில் நம் சுங்கை சிப்புட் பக்கம் பழைய கார் பார்க்கப் போனால் பெரும்பாலும் இரண்டு விதமான கார்கள்தான் கண்ணில் படும். ஒன்று மெழுகு போட்டுப் பளபளவென்று நிற்கும். சர்வீஸ் புத்தகம் எங்கே என்றால், "வீடு மாறும்போது தொலைஞ்சு போச்சு" என்பார்கள். இன்னொன்றில் பம்பர் கீறல், சீட்டில் கறை. ஆனால் ஒரு கோப்பு நிறைய ரசீது இருக்கும். என்னைக் கேட்டால், ரசீது ஒன்று சொல்லி காரின் உடம்பு வேறு சொன்னால் உடம்பைத்தான் நம்ப வேண்டும். கண்ணுக்கே தெரியாத சில பாகங்களுக்கு மட்டும் ரசீது இல்லாமல் முடியாது.

தோட்டத்துச் செம்மண் பாதையில் தினமும் ஓடிய கார் என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் எண்ணெயை நேரத்துக்கு மாற்றியிருப்பார்கள், புத்தகத்தில் முத்திரையும் வரிசையாக இருக்கும். ஆனால் சக்கரத்தைத் தாங்கும் லோவர் ஆர்ம் புஷ், குலுக்கலை அடக்கும் அப்சோர்பர், வீல் பேரிங் எல்லாம் தேய்ந்திருக்கும். வேகத்தடை மேல் மெதுவாக ஏற்றி இறக்குங்கள். கீழே டொக் டொக்கென்று சத்தம் கேட்டால் செலவு காத்திருக்கிறது.

அப்புறம் பின்பக்கச் சாமான் அறையைத் திறந்து, விரிப்பைத் தூக்கி, ஸ்பேர் டயரையும் வெளியே எடுத்துவிடுங்கள். அந்தக் குழி பொய் சொல்லாது. செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரம் ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். உர மூட்டை ஏற்றிய காரில், தகடுகள் சேரும் ஓரத்தில் துரு உப்பி நிற்கும். வெள்ளத்தில் மூழ்கிய கார் என்றால் அதே ஓரங்களில் மாவு போல வண்டல் படிந்திருக்கும். 2021 டிசம்பரில் சிலாங்கூரில் எத்தனை கார்கள் மூழ்கின என்று பார்த்தோமே. வெளியூர் காரென்றால் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்க்காமல் விடாதீர்கள். நுனியை எல்லாரும் கழுவுவார்கள், உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கறை அப்படியே இருக்கும்.

சரி, ரசீது எங்கே ஜெயிக்கிறது? எஞ்சினுக்குள் வால்வுகளைப் பிஸ்டனோடு நேரம் தப்பாமல் ஓட வைக்கும் டைமிங் பெல்ட்டில். கேம்ப்ரோ எஞ்சின் போட்ட புரோட்டோன் கார்களான சாகா பிஎல்எம், பெர்சோனா இரண்டிலும் பெல்ட்தான். ஓடும்போது அறுந்தால் பிஸ்டன் வால்வில் இடித்து, எஞ்சினையே பிரிக்க வேண்டி வரும். அறுவதற்கு முதல் நாள் வரை எஞ்சின் சத்தம் இதமாகவே இருக்கும், எவ்வளவு உற்றுக் கேட்டாலும் தெரியாது. பெரோடுவா மைவியில் பெல்ட்டுக்குப் பதில் செயின் என்பதால் இந்தக் கவலை குறைவு. கியர் எண்ணெயும் இப்படித்தான், மாற்றிய தேதி தெரிந்தால்தான் நிம்மதி. மீட்டரைத் திருப்பியிருந்தாலும் ரசீதுகளில் உள்ள கிலோமீட்டர் காட்டிக்கொடுக்கும்.

ஆனால் நம் ஊரில் ஒன்றை மறக்கக் கூடாது. வாரண்டி முடிந்ததும் பலரும் கம்பெனி சர்வீஸை விட்டுவிட்டுப் பக்கத்துப் பட்டறைக்கு மாறிவிடுகிறார்கள். ரொக்கம் கொடுத்து முடிப்பதால் பில் இருக்காது. ஐந்தாம் வருஷத்தோடு புத்தகம் நின்றுவிட்டது என்பதற்காக அந்தக் காரை யாரும் கவனிக்கவில்லை என்று தள்ளிவிடாதீர்கள். விற்பவரையே கூட்டிக்கொண்டு பட்டறைக்குப் போய், "அண்ணே, இதுக்கு பெல்ட் எப்ப மாத்துனீங்க?" என்று கேளுங்கள். கை வைத்தவர் இரண்டு தெரு தள்ளி இருக்கிறார் என்பது சின்ன ஊரின் பெரிய வசதி. பெருநகரக் கார்க் கடையில் இது கிடைக்காது.

பெயர் மாற்றத்துக்காக வாகனச் சோதனை நிறுவனமான புஸ்பாகோம் செய்யும் பி5 சோதனையில் தேறிவிட்டது என்று சொல்வார்கள். அது எஞ்சின் எண், சேசிஸ் எண், பாதுகாப்பு இவற்றுக்கான சோதனை. கியர்பாக்ஸ் இன்னும் எவ்வளவு நாள் தாங்கும் என்று அது சொல்லாது.

விலை பேசும்போது, பெல்ட் மாற்றியதற்கு ரசீதும் இல்லை, பட்டறைக்காரருக்கும் நினைவில்லை என்றால், மாற்றவில்லை என்றே கணக்கு வையுங்கள். பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், வாட்டர் பம்ப், கூலி எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று அதே பட்டறையில் கேட்டு, அத்தனை வெள்ளியையும் விலையில் குறைக்கச் சொல்லுங்கள்.