மோக்காவா, சென்னை வாத்தியாரா, யூடியூபா?

தைப்பூசக் காவடி முடிந்த அடுத்த வாரமே எனக்கு ஒரே மாதிரி போன் வர ஆரம்பித்துவிடும். கோவிலில் யார் வீட்டுப் பிள்ளையோ பஜனைக்கு மிருதங்கம் வாசித்ததைப் பார்த்திருப்பார்கள். "அண்ணே, நம்ம பையனையும் எங்கேயாவது சேர்த்துவிடணும், எங்கே சேர்க்கலாம்?" நான் மொரீஷியஸில் ரோஸ்ஹில் என்ற ஊரில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவன், சங்கீத வாத்தியார் இல்லை. ஆனால் மகனுக்கு மிருதங்கம், மகளுக்கு வயலின், எனக்குப் பாதியில் நின்றுபோன கீபோர்டு என்று எங்கள் வீட்டில் ஏறக்குறைய எல்லா வழியிலும் காலை விட்டுப் பார்த்தாயிற்று, காசும் போயிருக்கிறது. அதனால் தனித்தனியாகச் சொல்வதை இங்கே மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

முதலில் மோக்கா என்ற ஊர். அங்கே இந்தியாவும் மொரீஷியஸும் சேர்ந்து 1970இல் தொடங்கிய மகாத்மா காந்தி நிறுவனத்தில் கர்நாடக இசை, வாத்தியம், நடனம் எல்லாம் முறையான பாடத்திட்டத்தோடு இருக்கிறது. ஃபீனிக்ஸில் இந்திரா காந்தி பண்பாட்டு மையமும் இசை, நடன வகுப்புகள் நடத்துகிறது. மெட்ரோ ரயில் மோக்கா பக்கமுள்ள ரெதுயி வரை வந்ததிலிருந்து எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மோக்கா போய்வருவது முன்புபோல் பெரிய பாடில்லை. நிறுவனத்தில் படிப்பதன் பெரிய லாபம் ஒழுங்கு. சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம், வர்ணம் என்று படிப்படியாகத்தான் ஏற முடியும், நடுவில் தாண்டிக் குதிக்க விடமாட்டார்கள். தாளம், ராக லட்சணம் எல்லாம் எழுதவும் தெரிந்திருக்க வேண்டும், கடைசியில் கையில் ஒரு சான்றிதழ். பிள்ளை பின்னால் இசை ஆசிரியராக விரும்பினால் அந்தக் காகிதம் இல்லாமல் கதவு திறக்காது.

ஆனால் எந்த ஊர் நிறுவனமானாலும் வகுப்பு என்றால் வகுப்புதான். பத்துப் பேர் ஒன்றாக மிருதங்கத்தில் 'தா தீ தொம் நம்' அடிக்கும்போது ஒருவனுடைய 'நம்' செத்துக் கிடப்பது யார் காதில் விழும்? 'நம்' அடிக்கும்போது மோதிர விரல் கரணையின் (தோலின் நடுவில் உள்ள கறுப்பு வட்டத்தின்) ஓரத்தில் பட்டும் படாமலும் இருக்க, ஆள்காட்டி விரல் விளிம்பில் விழ வேண்டும். மோதிர விரல் கொஞ்சம் அழுந்தினால் மணி மாதிரி வரவேண்டிய நாதம் கட்டையைத் தட்டியதுபோல் ஆகிவிடும். கூட்டத்தோடு அடிக்கிற பையனுக்குத் தன் சத்தமே கேட்பதில்லை. பக்கத்துப் பையனின் நல்ல 'நம்'மைத் தன்னுடையது என்று நினைத்துக்கொண்டே ஒரு வருஷம் ஓட்டிவிடுவான்.

இதற்கு எதிர்ப்பக்கம் வீட்டு வாத்தியார். கோவில் கூடத்திலோ தன் வீட்டு வராந்தாவிலோ இரண்டு மூன்று பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பவர். பல பேரிடம் பெரிய பட்டம் இருக்காது, பாடத்திட்டமும் இருக்காது, அவருக்குத் தெரிந்த வரைதான் பிள்ளை போகும். எங்கள் வாத்தியாருக்கு ஆதி தாளத்திலும் ரூபகத்திலும் நல்ல கை, அதற்குமேல் அவரே சிரித்துக்கொண்டு "இனிமே வேற ஆளைப் பாருங்க தம்பி" என்றுவிட்டார். ஆனால் என் மகனின் மோதிர விரலை நூறு தடவையாவது தன் கையால் தூக்கி வைத்திருப்பார். வாயால் சொல்லவே மாட்டார், வாசித்துக்கொண்டிருக்கும்போதே குனிந்து விரலைத் தூக்கி வைப்பார், அவ்வளவுதான். வீட்டில் இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோல் பேசி வளர்ந்த பிள்ளைக்குத் தமிழில் நீளமாக விளக்கினாலும் பாதிதான் ஏறும், விரலைத் தூக்கி வைத்தால் முழுசாக ஏறிவிடும். அடிகளை வாயால் சொல்கிற சொற்கட்டு மட்டும் விதிவிலக்கு. 'தகதிமி'யைப் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் நோட்டில் எழுதி வைத்திருந்தாலும் வாயில் சுத்தமாக வருகிறது, தமிழ்ப் பாடத்தில் என்னிடம் இவ்வளவு சுத்தமாகப் பேசினால் நான் ஏன் தொண்டை கிழியக் கத்தப்போகிறேன்!

மூன்றாவது, ஆன்லைனில் சென்னை வாத்தியார். இங்கேதான் ஆசையும் ஏமாற்றமும் அதிகம். சென்னை நமக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால், இங்கே நாலரை என்றால் அங்கே ஆறு. பள்ளி விட்டு வந்து ஒரு ரொட்டியைக் கடித்துவிட்டு உட்கார்ந்தால் நேரம் கச்சிதமாகப் பொருந்தும். வாத்தியாரின் தரத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், மேடையில் வாசிக்கிறவரே ரோஸ்ஹில் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வந்து உட்காருகிறார் என்றால் என் அப்பா காலத்தில் யார் நம்பியிருப்பார்கள்?

நாங்கள் ஆரம்பத்திலேயே மகனை இப்படி ஒருவரிடம் சேர்த்தோம், வீட்டு வாத்தியார் அப்புறம்தான் வந்தார். ஆறு மாதம் ஒழுங்காகப் போனது, பாடம் எல்லாம் சரியாகச் சொன்னான். போனை வலது பக்கம் சாய்த்து வைத்திருந்தோம், வலந்தலை, அதாவது மிருதங்கத்தின் வலது முகம், மட்டும்தான் திரையில் தெரியும். தொப்பி என்கிற இடது முகத்தின் பக்கம் இடது கை மணிக்கட்டை அவன் மிருதங்கத்தின்மேல் முழுசாகச் சாய்த்துக்கொண்டு வாசித்ததை அந்த ஆறு மாதமும் யாரும் பார்க்கவில்லை. அவனே ஒருநாள் சொன்னான், "அப்பா, அவர் என்னைப் பார்க்கல, போனைப் பார்க்கிறார்." பிறகு உள்ளூர் வாத்தியாரிடம் போனபோது அவர் முதலில் கேட்டது, "இந்தக் கைக்கு யார் தலையணை வெச்சது?" அந்தப் பழக்கத்தைப் போக்க இன்னொரு ஆறு மாதம். தப்பு சென்னை வாத்தியாருடையது இல்லை, என் போனுடையது, அதாவது என்னுடையது.

இன்னொரு தொல்லை, சத்தம் போய்வரும் தாமதம். வாத்தியாரும் சிஷ்யனும் ஒரே நேரத்தில் சேர்ந்து வாசிக்கவே முடியாது. அவர் தாளம் போடுவது இங்கே வந்து சேர்வதற்குள் பையன் அடுத்த அட்சரத்தில் இருப்பான். அதனால் அவர் வாசித்துக் காட்ட இவன் கேட்டு, பிறகு இவன் வாசிக்க அவர் கேட்டு, இப்படி மாறி மாறித்தான். சேர்ந்து வாசிப்பதில் தானாக ஒட்டிக்கொள்கிற காலப்பிரமாணம், அதாவது வேகம் குலையாத சீர், இதில் ஒட்டாது. ஜூம் வேறு தம்புரா ஒலியை இரைச்சல் என்று நினைத்து அழுத்திவிடும், அமைப்பில் போய் இசைக்கலைஞர்களுக்கான 'அசல் ஒலி'யைத் தட்டிவிட்டால் பாதி தலைவலி குறையும். அப்புறம் மார்கழி. இங்கே நவம்பரிலிருந்து பெரிய விடுமுறை, பிள்ளைக்கு நாள் முழுக்க நேரம் இருக்கும், அங்கே வாத்தியாருக்கு டிசம்பர் சீசன், கச்சேரி மேல் கச்சேரி. நமக்கு நேரம் இருக்கிறபோது அவருக்கு இருக்காது.

வயலினில் கதை கொஞ்சம் வேறு. ஏனென்றால் வயலின் என்று சொன்னாலே இந்தத் தீவில் "எந்த வயலின்?" என்று கேட்க வேண்டும். குவாத்ர்போர்ணில் பிரான்சுவா மித்தெரான் பெயரில் உள்ள கான்செர்வத்துவார் இசைப்பள்ளியில் சேர்த்தால் தாடையில் இடுக்கி, ஐந்து கோட்டில் எழுதிய நோட்டைப் பார்த்து வாசிக்கிற மேற்கத்திய முறை. நம் முறையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, நுனியை வலது காலில் ஊன்றி, தந்திகளை ஸ பா ஸ பா என்று சேர்த்து, காதால் கேட்டு வாசிக்கிறோம். வயலினைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தவர் முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் என்பார்கள், ஆக இந்த இரண்டு முறையும் பிரிந்து இருநூறு வருஷம் ஆகிவிட்டது. "முதலில் அங்கே அடிப்படை கற்றுக்கொள்ளட்டும், அப்புறம் நம் சங்கீதத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்" என்று ஒரு அக்கா என் மகளுக்கு யோசனை சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. வில் பிடிப்பது ஓரளவு கைகொடுக்கும், ஆனால் இடது கை ஒவ்வொரு ஸ்வரத்தையும் ஓரிடத்தில் குத்தி நிறுத்திப் பழகிவிட்டால் பிறகு ஸ்வரத்தை அசைத்து இழைக்கிற கமகத்துக்கு வழுக்கச் சொல்லும்போது அது விறைத்துக்கொள்ளும். பிள்ளைக்கு எந்த இசை காதில் ஓடுகிறது என்று பார்த்துவிட்டு ஒன்றில் சேருங்கள். பீத்தோவன் பிடித்த பிள்ளையை வற்புறுத்தி நம் ஆரம்பப் பாட ராகமான மாயாமாளவகௌளையில் உட்கார வைப்பதும் பாவம்தான்.

யூடியூபைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கீபோர்டுக்கும் கிட்டாருக்கும் ஓடும். கட்டையை அமுக்கினால் சரியான சுருதிதான் வரும், வேகத்தை முக்காலாகக் குறைத்துப் பார்த்துக்கொண்டே போகலாம். நான் அப்படித்தான் மூன்று பாட்டுக் கற்றேன், நாலாவது பாட்டு வரவில்லை, ஏன் வரவில்லை என்று சொல்ல ஆளும் இல்லை. வயலின், மிருதங்கத்துக்கு ஆரம்பத்தில் இது வேண்டவே வேண்டாம்.

ஆனால் யூடியூபும் இல்லாமல், வாத்தியாரும் இல்லாமல் இந்தத் தீவே ஒரு வாத்தியத்தைக் கற்றுக்கொண்டிருக்கிறதே, அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ரவான். ஆட்டுத்தோல் போர்த்திய அகலமான வளையம், வாசிக்கும் முன் தீயில் காட்டிச் சூடேற்றுவார்கள். 2014இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய பாரம்பரிய சேகா என்கிற எங்கள் தீவின் ஆட்டப்பாட்டின் நாடி அதுதான். என் மாணவர்களில் ரவான் வாசிக்கிறவர்களிடம் யாரிடம் கற்றாய் என்று கேட்டால் விழிக்கிறார்கள். மாமா வாசித்தார், பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், ஒருநாள் கையில் கொடுத்தார், அவ்வளவுதான். நடுவில் உள்ளங்கையால் ஆழமான அடி, ஓரத்தில் விரலால் கூர்மையான அடி, தப்பினால் ஆடுகிறவர்களின் கால் தடுமாறும், அதிலேயே தெரிந்துவிடும். என் மகன் முதல் தடவை சேகாவைக் கேட்டுத் தொடையில் தட்டியபோது 'தகிட தகிட' என்றுதான் சொன்னான். நம் மிருதங்கத்துக்கும் இப்படி ஒரு மாமா வீட்டிலேயே இருந்தால் நான் இதை எழுத வேண்டியே இருந்திருக்காது.

சரி, என் முடிவு கேட்டால்: முதல் இரண்டு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து விரலைத் தூக்கி வைக்கிற வாத்தியார், அவர் சுமாரானவராக இருந்தாலும். கை நின்ற பிறகு சென்னை வாத்தியார், இரண்டு போன் வைத்து, ஒன்று தொப்பிப் பக்கம். சான்றிதழ் வேண்டுமென்றால் மோக்கா, ஆனால் வீட்டு வாத்தியாரை உடனே விட்டுவிடாதீர்கள்.

சேர்க்கும் முன் ஒன்று விசாரியுங்கள், தோல் கிழிந்தால் யார் புது மூட்டு (தோல் முகம்) போடுவார்? இந்த ஈரக் காற்றில் தோல் தளர்ந்துகொண்டே இருக்கும். ஃபைபர் உடலும் திருகாணியும் உள்ள மிருதங்கம் வாங்கினால் சுருதி சேர்ப்பது சுலபம், நாதம் எனக்குப் பிடிக்கவில்லை. எங்களுடைய பலாமர மிருதங்கத்துக்கு வலந்தலை மூட்டு அளவெடுத்து அனுப்பி ஐந்து வாரம் ஆகிறது, ஊரிலிருந்து திரும்பும் ஒருவர் பெட்டியில் வைத்துக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை மகன் தலையணையில் தட்டிக்கொண்டிருக்கிறான், மோதிர விரல் மட்டும் தூக்கியே இருக்கிறது.