ஃபிட்ஸ் அலாரம்: கைப்பட்டையா, வாட்ச் ஆப்பா, மெத்தை சென்சாரா?

தம்பிக்கு ஃபிட்ஸ் தூக்கத்தில் வரும். இல்லையென்றால் காலையில் எழுந்த கையோடு வரும். பக்கத்து அறையில் இருப்பவரை உஷார்ப்படுத்த ஒரு கருவி தேவைப்பட்டது. மூன்று வகையையும் பார்த்துவிட்டுத் தோல் சென்சார் உள்ள கைப்பட்டையை வாங்கினோம். ஆகவே என் ஓட்டு அதற்குத்தான்.

மூன்றுமே கைகால் வெட்டி இழுக்கும் பெரிய வலிப்புக்கானவை. சில நொடி வெறித்துப் பார்த்துவிட்டு மீளும் வகை இவற்றில் சிக்காது. சர்வதேச வலிப்பு எதிர்ப்புக் கழகத்தின் 2021 வழிகாட்டுதலும் பெரிய வலிப்புக்குத்தான் இவற்றைப் பரிந்துரைக்கிறது. அதிலும், அலாரம் கேட்டு 5 நிமிடத்துக்குள் ஆள் ஓடிவர முடிகிற வீடுகளை மனதில் வைத்து.

எங்களுக்கு முடிவைச் சொன்னது பொய் அலாரம்தான். வாட்ச் ஆப்கள் பெரும்பாலும் அசைவை நம்பியே இயங்குகின்றன. பெரிய வலிப்பில் முதலில் உடம்பு விறைக்கும், பிறகு ஒரே தாளத்தில் வெட்டும். வாட்ச்சில் அசைவை அளக்கும் சென்சாரான முடுக்கமானி தேடுவது அந்தத் தாளத்தை. பல் தேய்க்கும் கைக்கும் கிட்டத்தட்ட அதே தாளம்! காலையில் அலாரம் அலறும், தம்பி வாயெல்லாம் நுரையோடு "நான்தான், நான்தான்" என்று குளியலறையிலிருந்து கத்துவான். கொஞ்ச நாளில் அம்மா எழுந்து பார்ப்பதையே விட்டுவிட்டார். பயப்பட வேண்டிய நேரமே அதுதான்.

எம்பேட்டிகா நிறுவனத்தின் எம்ப்ரேஸ் போன்ற கைப்பட்டைகள் தோலின் மின்கடத்துதிறனையும் சேர்த்துப் பார்க்கின்றன. (2018-ல் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் அனுமதி பெற்றது எம்ப்ரேஸ்.) பெரிய வலிப்பில் பரிவு நரம்புகள் (பதற்றத்தில் வியர்க்க வைப்பவை) தூண்டப்பட்டு, தோலில் வியர்வை சட்டென்று ஏறும், பல் தேய்ப்பதற்கெல்லாம் அப்படி ஏறாது. பொய் அலாரம் அடியோடு ஒழிந்துவிடவில்லை. ஆனால் இப்போது அலாரம் அடித்தால் அம்மா எழுகிறார். பட்டை தோலோடு ஒட்டியிருக்க வேண்டும் என்பதால் மணிக்கட்டில் தடம் விழுகிறது, அது ஒரு தொல்லை.

மெத்தைக்கு அடியில் வைத்து அசைவைப் பார்க்கும் மெத்தை சென்சாரை இரவல் வாங்கிச் சில இரவுகள்தான் வைத்துப் பார்த்தோம், அழுத்திச் சொல்லும் அளவுக்கு அனுபவமில்லை. கையில் எதையும் கட்டவிடாத பிள்ளைகளுக்கு அது சரிப்படும். கட்டிலைவிட்டு எழுந்துவிட்டால் அதற்கு வேலையில்லை, தம்பி விஷயத்தில் அதுவே போதும் ஒதுக்கிவைக்க.

கைப்பட்டைதான் என்றால் சார்ஜ் போடும் நேரத்தை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். எங்கள் வீட்டில் சாயங்காலம், எல்லோரும் அவனோடு இருக்கும்போது. பட்டையோடு புளூடூத்தில் இணைந்த போன் இரவில் அவன் தலைமாட்டிலேயே இருக்கும். அலாரம் அடித்தால் அம்மாவின் போனுக்கு வரும் அழைப்பு மட்டும் சைலண்ட்டிலும் ஒலிக்கும்படி வைத்திருக்கிறோம்.