சீஸைக் குறைத்த மக்கரோனி: இரண்டரை வருச அனுபவம்

ஸ்காபரோவில் இருக்கிற அக்கா லீவில் வந்து, மட்டக்களப்புக் கல்லடியில் எங்களோடு மூன்று கிழமை நின்றா. போகும்போது என் மகனுக்குப் பழக்கிவிட்டுப் போன சாப்பாடு மக்கரோனி சீஸ். சூட்கேசில் உடுப்பை விட அந்த நீலப் பெட்டிகள்தான் கூட. 1937இல் கடைக்கு வந்த கிராஃப்ட் டின்னர் என்கிற அந்தப் பெட்டி மக்கரோனி, கனடாப் பிள்ளைகளுக்கு நம் வீட்டுச் சோறு மாதிரி. அதில் வருகிற சீஸ் தூளுக்கு முந்தி செயற்கை நிறம் போட்டார்கள், 2016 அளவில் அதை எடுத்துவிட்டு மஞ்சள், பப்பிரிக்கா எல்லாம் போடுகிறார்கள் என்று அக்கா விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தா. மாமி குறுக்கே விழுந்தா: "மஞ்சள்தான் போடுறாங்க எண்டா, அது நம்மட பால்கறிதானேகா."

பெட்டி ஒரு மாதத்தில் முடிந்தது. பிறகு அக்கா வாட்ஸ்அப்பில் அனுப்பிய கணக்குப்படி நானே செய்யத் தொடங்கினேன். மக்கரோனி 250 கிராம், பட்டர் 50 கிராம், கோதுமை மா 40 கிராம், முழுப்பால் 600 மில்லி, செடார் சீஸ் 250 கிராம். ருசியைக் குறை சொல்ல ஏலாது. சனிக்கிழமை என்றால் அதுதான். அப்படிப் போய்க்கொண்டிருக்கையில், கிளினிக் போன என் மனுசன் கொப்பியோடு முகத்தையும் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். சீனி எல்லையில் நிற்கிறது, பிரஷரும் கொஞ்சம் கூட, நிறை குறைக்க வேண்டும்.

அன்று இரவு சட்டியைக் கணக்குப் பார்த்தேன். மக்கரோனி 900 கலோரி, பட்டர் 360, மா 140, பால் 380, சீஸ் மட்டும் 1000. கூட்டினால் 2780. நான்கு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 695. எல்லாம் கிட்டத்தட்டக் கணக்குத்தான், பக்கெட்டுக்குப் பக்கெட் கொஞ்சம் மாறும். ஆனால் பாதி சீஸும் பட்டரும் என்பதைப் பார்க்கக் கண்ணாடி தேவையில்லை. (ஒரு எச்சரிக்கை: மக்கரோனியை அவிக்க முன்னம் நிறுக்க வேண்டும். அவித்தால் இரண்டு மடங்குக்கு மேல் ஊதும். முதல் இரண்டு கிழமை நான் அவித்ததை நிறுத்து, பச்சைக் கணக்கில் எழுதி வைத்திருந்தேன்.)

முதலில் செய்த பிழை, கொழுப்புக் குறைந்த சீஸ் வாங்கியது. ரவுண் சூப்பர் மார்க்கெட்டில் அதைத் தேடிப் பிடித்து, விலையைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கி வந்தேன். சட்டியில் அது உருகவில்லை, சுருண்டது. கொழுப்பை எடுத்த சீஸில் புரதம்தான் மிஞ்சும், சூடு பட்டால் அது இறுகிவிடும். மகன் ஒரு கரண்டி எடுத்து இழுத்தான், முழ நீளத்துக்கு வந்தது. "அம்மா, இது டயர்" என்றான். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவேயில்லை. நல்ல முற்றின செடார், உறைப்பும் புளிப்பும் உள்ளது, அதில் 80 கிராம் போதும். மெல்லிய துவாரத்தில் துருவினால் 80 கிராம் ஒரு கோப்பை நிறைய நிற்கும். ருசிக்குக் கொழுப்பு வேண்டும்தான், ஆனால் நினைக்கிற அளவு வேண்டாம்.

முக்கோணத் துண்டாக வருகிற பதப்படுத்திய சீஸும் போட்டுப் பார்த்தேன். அதில் உருகுவதற்கென்றே உப்புகள் சேர்த்திருப்பதால் சோஸ் பிரியாது, வழவழவென்று வரும். வேலையும் சுகம். ஆனால் பிரஷர்க்காரருக்கு அந்த உப்பு ஆகாது. நான் இப்போது அவசரத்துக்கு மட்டும் ஒன்று போடுகிறேன், அன்று வேறு உப்பு கிடையாது.

சீஸைக் குறைத்த இடத்தை எதால் நிரப்புவது என்பதுதான் பெரிய பாடு. கோவா பூ (கோலிஃப்ளவர்) நன்றாக வருமென்று அக்கா சொன்னா. அது மலைநாட்டிலிருந்து எங்கள் சந்தைக்கு வந்து சேரும்போது பாதி வாடி, விலை முழுசாய் இருக்கும். அவித்தால் வீடு முழுக்க ஒரு மணம் வேறு. இங்கே குறைவில்லாமல் கிடைப்பது பூசணிக்காய். 100 கிராமில் 26 கலோரி, நிறமும் அந்தப் பெட்டி மக்கரோனியின் நிறம். ஆனால் தண்ணீரில் அவித்தீர்களோ, சோஸ் அன்றைக்கு ரசம்தான். இடியப்பத் தட்டில் வைத்து ஆவியில் அவிக்க வேண்டும், பிறகு மூடியைத் திறந்து பத்து நிமிசம் ஆறவிட வேண்டும். தண்ணி விட்டுப்போகும். நான் இதைக் கண்டுபிடிக்க மூன்று மாதம் எடுத்தது என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அடுத்தது தயிர். மட்டக்களப்பில் இருந்துகொண்டு தயிரை விட்டால் குற்றம். வாவிக்கு மேற்கே படுவான்கரையிலிருந்து வருகிற சட்டித் தயிரைப் போட்டால் "லைட்" ஆகிவிடும் என்றுதான் நானும் நம்பினேன். அது எருமைத் தயிர். எருமைப்பாலில் கொழுப்பு 7 சதவீதம் அளவில் இருக்கும், பசுப்பாலைப் போல இரண்டு மடங்கு. ஆகவே அது இலேசான சாமான் அல்ல. ஆனாலும் செடாரில் கொழுப்பு மூன்றில் ஒரு பங்கு, அதோடு பார்த்தால் தயிர் எவ்வளவோ மேல். 100 கிராம் போதும். அது கொடுக்கிற புளிப்பு, இல்லாத சீஸை இருப்பது போலக் காட்டும். கொதிக்கிற சட்டியில் மட்டும் ஊற்றக்கூடாது, திரைந்து போகும். அடுப்பை அணைத்து, கை பொறுக்கிற சூட்டுக்கு வந்த பிறகு கலக்க வேண்டும்.

இப்போது நான் செய்கிற கணக்கு இது. மக்கரோனி 200 கிராம், பூசணி 400 கிராம், கொழுப்பு நீக்கிய பால்மாவில் கரைத்த பால் 300 மில்லி, சோள மா ஒன்றரை மேசைக்கரண்டி, செடார் 80, தயிர் 100, எண்ணெய் ஒரு தேக்கரண்டி. எண்ணெயில் உள்ளி இரண்டு பல்லு நசுக்கி வதக்கி, குளிர்ந்த பாலில் சோள மாவைக் கரைத்து ஊற்றி, கிண்டிக் கிண்டித் தடிக்க விடுவேன். பட்டர் இல்லாமலே சோஸ் நிற்பது அந்தச் சோள மாவால்தான். மசித்த பூசணி போய், அடுப்பு அணைந்து, சீஸ் போய், கடைசியில் தயிர். மக்கரோனி அவித்த தண்ணியில் அரைக் கோப்பை எடுத்து வைத்திருப்பேன், இறுகினால் அதுதான் உதவி. பூசணியின் இனிப்பை அடக்கக் கடுகு அரைத்தது கால் தேக்கரண்டி, மிளகு, இடித்த செத்தல் மிளகாய். கடுகை விட்டால் பாயாசம் மாதிரி ஒரு நினைப்பு வரும். மேலே பட்டரில் பிரட்டிய பாண் தூளுக்குப் பதிலாக, பாண் விளிம்பை வெறும் தாச்சியில் கறிவேப்பிலையோடு வறுத்து நொறுக்கித் தூவுகிறேன். ஓவன் இல்லாத வீட்டுக்கு அதுதான் மொறுமொறுப்பு.

மொத்தம் 1440 கலோரி, நான்கு பேருக்கு ஆளுக்கு 360. பாதிக்குக் கிட்டவாகக் குறைந்திருக்கிறது. எனக்கு ஒரே பெருமை. அக்காவுக்குப் படம் எல்லாம் அனுப்பினேன்.

ஆனால் ஆறு மாதமாகியும் இவருடைய நிறை அசையவில்லை. ஒரு சனிக்கிழமை ஒளிந்து நின்று பார்த்தேன். "இது லைட்தானே" என்று சொல்லிக்கொண்டு மனுசன் இரண்டாவது கோப்பையும் போட்டார். இரண்டு தரம் 360 என்றால் 720. அக்காவுடைய பட்டர்ச் சட்டியில் ஒரு கோப்பை சாப்பிட்டிருந்தால் 695தான்! நான் ஆறு மாதமாகப் பூசணி அவித்தது அந்த 25 கலோரியைக் கூட்டத்தான்.

அன்றிலிருந்து சட்டி மேசைக்கு வருவதில்லை. சூப் கோப்பையில் அளந்து போட்டு, பக்கத்தில் வெள்ளரிக்காயும் வல்லாரைச் சம்பலும் வைத்துக் கொடுக்கிறேன். முதல் மாதம் சண்டை, பிறகு பழகிவிட்டது. இதற்குப் பிறகு நிறை இறங்கியது. அதற்கான முழுப் பெயரை மக்கரோனிக்குக் கொடுக்க மாட்டேன், பின்னேரத்தில் பழைய கல்லடிப் பாலத்தில் நடக்கத் தொடங்கியதும் அதே நாட்களில்தான். சீனிக்காரருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும்: சீஸ் குறைந்த அளவுக்கு மாச்சத்து குறையவில்லை. ஆளுக்கு 50 கிராம் பச்சை மக்கரோனிக்கு மேல் நான் போகாதது அதற்காகத்தான்.

குறைகளும் இருக்கின்றன. அடுத்த நாளுக்கு இது நல்லாயில்லை. ஃபிரிட்ஜில் வைத்தால் மக்கரோனி சோஸைக் குடித்துக் கட்டியாகிவிடும், பால் விட்டுச் சூடாக்கினாலும் பழைய பதம் வராது. மலிவான மக்கரோனி குழைந்து பூசணியோடு ஒன்றாகிவிடும். டியூரம் கோதுமை என்று பக்கெட்டில் எழுதியிருப்பதை வாங்கி, சொன்ன நேரத்துக்கு இரண்டு நிமிசம் முந்தி இறக்குகிறேன். துருவின சீஸை 80 கிராம் பொட்டலமாகக் கட்டி ஃபிரீசரில் வைத்துக்கொள்கிறேன், இல்லாவிட்டால் கை தானாகக் கூடப் போடும்.

பெட்டி மக்கரோனியின் ருசி இதில் வருமா என்று கேட்டால், வராது. போன டிசம்பரில் அக்கா திரும்ப வந்து சாப்பிட்டுப் பார்த்து, "நல்லாயிருக்கு, ஆனா அது இல்ல" என்றா. மகனுடைய பிறந்தநாளுக்கு மட்டும் பழைய கணக்கில், 250 கிராம் சீஸோடு செய்கிறேன். இந்த முறை அவன் அரைக் கோப்பையோடு நிறுத்தி, நெஞ்சு கரிக்குது என்று தண்ணி கேட்டான். மாமி இரண்டையும் ஒரே பெயரில்தான் கூப்பிடுகிறா: களி. பிறந்தநாள் களிக்குக் உறைப்பான கட்டாச் சம்பல் கேட்பா, சனிக்கிழமைக் களியை அப்படியே சாப்பிடுவா.